உங்களுக்குத் தெரியுமா? பூனையும் ஒரு டம்ளர் தண்ணீரும்

கடல் தண்ணீரைக் குடித்தால் நமக்குத் தாகம் ஏறுமே தவிர அடங்காது. பூனையின் சங்கதி வேறு. 1959-இல் அமெரிக்காவில் உல்ஃப் என்ற உடலியல் ஆய்வாளரும் சகாக்களும் பூனைகளுக்குக் கடல் தண்ணீரையே குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். உப்பைச் சிறுநீரில் தள்ளிவிட்டு, வேண்டிய நீரை உடம்பில் நிறுத்திக்கொண்டன அந்தப் பூனைகள். அதே ஆண்டு இன்னொரு சோதனை: குடிக்கத் தண்ணீரே வைக்காமல் மீனும் இறைச்சியும் மட்டும் போட்டார்கள். அப்போதும் பூனை தாக்குப்பிடித்தது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டாம்!

*

இந்தச் சாமர்த்தியம் பரம்பரைச் சொத்து. வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலத்தில் திரிந்த காட்டுப் பூனை. குளம் குட்டையைத் தேடி அலைய முடியாது. கடித்துத் தின்னும் எலிதான் அதற்குத் தண்ணீர்ப் பந்தல். எலியின் உடம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீர். கிடைத்த நீரைச் சொட்டு விடாமல் பிழிந்து எடுத்துக்கொள்ளும் சிறுநீரகம் அப்படித்தான் அமைந்தது. மனிதச் சிறுநீர் கெட்டியாகக்கூடிய உச்சத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் பூனைச் சிறுநீர் கெட்டியாக முடியும்.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கெட்டிப் பாகில் கற்கண்டு விளைவதுபோல, கெட்டிச் சிறுநீரில் உப்புகள் படிகமாகும்.

*

நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கிலோவுக்கு 50 மி.லி. என்பது பொதுவான கணக்கு. ஆக 200 மி.லி., நம் வீட்டு டம்ளரில் ஒன்று. இது சாப்பாட்டில் இருக்கும் நீரையும் சேர்த்துத்தான்.

டின்னிலும் பவுச்சிலும் வரும் ஈர உணவில் 75 முதல் 80 சதவீதம் தண்ணீர். அதை 230 கிராம் தின்றால் டம்ளர் ஏறக்குறைய நிரம்பிவிடும். கிண்ணத்தில் நாலு நக்கு நக்கினால் போதும். உலர் உணவிலோ ஈரம் பத்து சதவீதத்துக்கும் குறைவு. அதே பூனைக்கு அதே சக்தி கிடைக்க 60 கிராம் உலர் உணவு போதும். அதிலிருந்து கிடைக்கும் தண்ணீர் ஒரு தேக்கரண்டி அளவு. மீதியைப் பூனை குடித்தே ஈடுகட்ட வேண்டும். குடிக்கத்தான் செய்கிறது, ஆனால் முழுக்க ஈடுகட்டுவதில்லை. உலர் உணவு மட்டுமே தின்னும் பூனையின் மொத்த நீர்வரவு ஈர உணவு தின்னும் பூனையைவிடக் குறைவு என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். பாலைவனத்துப் பிராணிக்குத் தாகம் சட்டென்று எடுப்பதில்லை.

*

எங்கள் வீட்டுக் கடுவன் பேர் பட்டாணி. ஒரு வெள்ளிக்கிழமை காலை மணல் தட்டில் ஏறி உட்கார்ந்தான், முக்கினான், இறங்கினான், மறுபடியும் ஏறினான். ‘மலச்சிக்கல்’ என்று நானே தீர்ப்பு எழுதி, பூசணிக்காயை வேகவைத்து மசித்து வைத்தேன். அவன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மதியம் குளியலறையின் தண்ணீர் போகும் ஓட்டை மேல் போய்க் குந்தினான். வெள்ளை டைல்ஸில் ஒரே ஒரு சொட்டு, ரோஸ் நிறத்தில். அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மருத்துவர் அவன் அடிவயிற்றில் விரல் வைத்த மாத்திரத்தில், “தொட்டுப் பாருங்க” என்றார். சாத்துக்குடி ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது போல இருந்தது. அதுதான் சிறுநீர்ப்பை. மயக்க மருந்து கொடுத்து மெல்லிய குழாயைச் செருகி அடைப்பை நீக்கினபோது எவர்சில்வர் தட்டில் வழிந்ததை விரலால் தேய்த்துக் காட்டினார். ரவை மாதிரி நறநறத்தது. ஆறு மணி நேரம் தவறான நோய்க்கு வைத்தியம் பார்த்த பெருமை முழுக்க என்னுடையது.

*

கடுவனின் சிறுநீர் வெளியேறும் குழாய் நுனிப்பகுதியில் சுமார் 0.7 மி.மீ. அகலம். ஊசி போடும்போது தோலில் இறங்கும் ஊசியின் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான். அதில் சளியும் படிகமும் சேர்ந்து ஒரு தக்கை அடைத்தால் போதும். பெட்டைப் பூனைக்குக் குழாய் குட்டை, அகலமும் கூட; நோய் வந்தாலும் முழு அடைப்பு அபூர்வம்.

கடுவனுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்தால் குழாய் சுருங்கிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அளந்து பார்த்தவர்கள் அப்படி எதையும் காணவில்லை. அறுவைக்குப் பிறகு பூனை குண்டாவதும், நகராமல் படுத்துக் கிடப்பதும்தான் ஆபத்தைக் கூட்டுகிறது. அதற்கு மருந்து சாப்பாட்டு அளவில் இருக்கிறது.

*

முழு அடைப்பு என்றால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ கிடையாது. வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பைத் தடுமாறவைக்கும். இரண்டு மூன்று நாளில் உயிர் போகும். ஒரே நாளில் நிலைமை கைமீறுவதும் உண்டு. ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

*

இந்த இடத்தில் நம் ஊர்க் கைவைத்தியம் இரண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கல்லடைப்புக்கு வாழைத்தண்டுச் சாறு நம் வீடுகளில் வழக்கம். பூனைக்கு அதனால் பயன் என்பதற்கு ஆதாரமில்லை. தண்டில் பொட்டாசியமோ ஏராளம். பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாமல் திணறும் பூனையின் வாயில் அதையே ஊற்றுவது எரிகிற வீட்டில் எண்ணெய் தெளிக்கிற கதை.

இரண்டாவது பாராசிட்டமால். ‘பாவம், வலிக்குமே’ என்று கால் மாத்திரை உடைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். ரத்தத்துக்கு ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தி போய், ஈறு பழுப்பாகி, பூனை செத்துவிடும். குழந்தைகளுக்கான சிரப்பும் இதில் சேர்த்திதான்.

*

1842-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் பெருந்தீ. புனித நிக்கோலாய் தேவாலயம் அதில் அழிந்தது. புதுக் கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது, இடைக்காலத்து மாட்டுச்சாணமும் குப்பையும் மக்கிப்போன மண்ணில் பளபளவென்று படிகங்கள் கிடைத்தன. 1845-இல் அவற்றை ஆராய்ந்த உலெக்ஸ் என்ற வேதியியலாளர், ரஷ்யாவின் தூதரக அதிகாரியும் இயற்கை ஆர்வலருமான ஸ்ட்ரூவ என்பவரின் பெயரால் ‘ஸ்ட்ரூவைட்’ என்று பெயர் வைத்தார். மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த உப்பு அது.

பட்டாணியின் ரவையும் அதே சரக்குதான். கழிவுநீர் நிலையங்களின் குழாய்களையும் இது அடைக்கும். சில ஊர்களில் அங்கிருந்தே அதைப் பிரித்தெடுத்து உரமாக விற்கிறார்கள்.

*

பூனைக்கல்லில் முக்கியமான ஜாதி இரண்டு: ஸ்ட்ரூவைட், கால்சியம் ஆக்சலேட். முன்னதைச் சாப்பாட்டாலேயே கரைக்கலாம். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் கரைப்பு உணவை மட்டும் தின்னவைத்தால் பெரும்பாலும் இரண்டு முதல் நாலு வாரத்தில் கல் காணாமல் போகும். கத்தி வைக்கும் முன் இதை முயல வேண்டும் என்பது 2016-இல் அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி வெளியிட்ட பரிந்துரை. ‘மட்டும்’ என்ற சொல்தான் இதில் கஷ்டம். பக்கத்து வீட்டு மாமி கொடுக்கும் ஒரு துண்டு வஞ்சிரம் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஆக்சலேட் எந்தச் சாப்பாட்டுக்கும் மசியாது. எடுத்தே ஆக வேண்டும். பெர்ஷியன், ஹிமாலயன் வகைகளுக்கு இந்தக் கல் வரும் வாய்ப்புக் கூடுதல்.

*

ஒரு கல்லைத் துரத்தப்போய் இன்னொரு கல்லை வரவழைத்த கதை இது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஆஸ்போர்ன் 1981-இல் ஒரு கல் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். பிராணிகளின் உடம்பிலிருந்து எடுத்த கற்களை மருத்துவர்கள் அங்கே அனுப்புவார்கள். அந்த ஆண்டு வந்த பூனைக் கற்களில் நூற்றுக்கு 78 ஸ்ட்ரூவைட். ஆக்சலேட் வெறும் 2.

அந்தக் காலத்தில் பழியெல்லாம் உணவின் ‘சாம்பல்’ மேல். உணவை எரித்தால் மிஞ்சும் தாதுக்களின் மொத்தம் அது. பிறகு, சாம்பலில் மக்னீசியம்தான் குற்றவாளி என்றார்கள். அப்புறம் மக்னீசியத்திலேயே இரண்டு ரகம் தெரிந்தது: ஆக்சைடாகச் சேர்த்தால் சிறுநீர் காரமாகிக் கல் வருகிறது, குளோரைடாகச் சேர்த்தால் புளிப்பாகிக் கல் வருவதில்லை. ஆக, அசல் விஷயம் சிறுநீரின் புளிப்புத்தன்மை என்றானது. உணவு நிறுவனங்கள் மக்னீசியத்தைக் குறைத்தன, அமிலத்தன்மையைக் கூட்டின. ஸ்ட்ரூவைட் மளமளவென்று குறைந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஆக்சலேட் முந்திக்கொண்டது. 2002-இல் அதே மையத்தின் கணக்கு: ஆக்சலேட் 55, ஸ்ட்ரூவைட் 33. உணவு மாற்றத்தின் பக்கவிளைவு இது என்றே மருத்துவர்களில் பெரும்பாலோர் கைகாட்டுகிறார்கள். பிறகு உணவுகளை மறுபடி திருத்தினார்கள். ஸ்ட்ரூவைட் மீண்டும் ஏறியது.

புளிப்பைக் கூட்டினால் ஒரு கல், குறைத்தால் இன்னொரு கல். இரண்டுக்கும் ஒரே மாதிரி எதிரி, சிறுநீரை நீர்க்கவைக்கும் தண்ணீர் ஒன்றுதான். இதைப் பற்றிப் படித்ததில் எனக்குப் பிடித்த சங்கதி இதுதான்.

*

‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுகிறவர்களுக்கு: சிறுநீர்த் தொந்தரவோடு வரும் இளம் பூனைகளில் கிருமித்தொற்று அபூர்வம். பத்து வயது தாண்டிய பூனைகளில்தான் அது சகஜம். நாய்க்கு ஸ்ட்ரூவைட் கல் வருவது பெரும்பாலும் கிருமியால். பூனைக்குக் கிருமி இல்லாமலே வரும். நாயை வளர்த்த அனுபவம் இங்கே காலை வாரிவிடும்.

*

பத்து வயதுக்குக் கீழே சிறுநீர் கழிக்கத் திணறும் பூனைகளில் பாதிக்கு மேல் கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது. மனக்கலக்கம்தான் நீர்க்கடுப்பாக இறங்குகிறது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதையே பல்லாண்டு ஆராய்ந்த டோனி பஃபிங்டன், ‘பண்டோரா நோய்க்கூறு’ என்று இதற்கொரு பெயர் வைத்தார். வீடு மாறுவது, புது விருந்தாளி, தீபாவளி வெடி, ஒரே தட்டில் இரண்டு பூனைக்குச் சோறு, எல்லாமே காரணமாகலாம்.

இதிலும் சாப்பாட்டுக்குப் பங்குண்டு. 1999-இல் வெளியான ஆய்வில், இந்த நோய் கண்ட 46 பூனைகளுக்கு ஒரே வகையான உணவை இரண்டு உருவத்தில் ஓர் ஆண்டு கொடுத்தார்கள். உலர் உணவு தின்றவற்றில் 39 சதவீதத்துக்கு நோய் திரும்பியது. ஈர உணவு தின்றவற்றில் 11 சதவீதத்துக்கு. சின்ன ஆய்வுதான், ஆனாலும் அந்த வித்தியாசம் சின்னதில்லை.

*

தயிர்சாதப் பூனை நம் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. மாமிசப் புரதத்தில் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் அதிகம்; அவை செரிக்கும்போது அமிலம் உண்டாகிறது. அதனால் எலி தின்னும் பூனையின் சிறுநீர் தானாகவே புளிப்பாக இருக்கும். சோறே பிரதானமானால் அது காரப்பக்கம் சாய்ந்து ஸ்ட்ரூவைட்டுக்கு வசதியாகிவிடும். ஒரு கவளம் சோறு விஷமாகிவிடாது. சோறே சாப்பாடானால்தான் வம்பு.

வேறொரு வம்பும் இருக்கிறது. டாரின் என்ற சத்தைப் பூனையால் போதுமான அளவு சொந்தமாகத் தயாரிக்க முடியாது. இறைச்சியிலும் மீனிலும்தான் அது கிடைக்கும். அது குறைந்தால் இதயம் பலூன் மாதிரி வீங்கித் தளரும் என்று 1987-இல் பால் பயான் என்ற மருத்துவர் கண்டுபிடித்த பிறகுதான், கடை உணவுகளில் அதன் அளவைக் கூட்டினார்கள்.

*

மீன் வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டாதீர்கள். டாரின் தண்ணீரில் கரையும். அதில் கணிசமான பங்கு அந்தச் சாற்றில்தான் இறங்கியிருக்கும். எங்கள் வீட்டு முறை: நாலு மத்தி, தலையும் குடலும் நீக்கி, மூழ்கும் அளவு வெறும் தண்ணீரில் வேகவைப்பது. உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் கிடையாது. ஆறினதும் முள்ளை எடுத்துவிட்டு, சாற்றோடு கரண்டியால் மசித்து, பட்டாணியின் வழக்கமான உணவின் மேல் இரண்டு மேஜைக்கரண்டி. மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் வெயில் நாளில் அவனுக்கு ஒரு கட்டி.

இது தொட்டுக்கொள்ளத்தான், சாப்பாடு ஆகாது. மீன் மட்டுமே தின்று வளரும் பூனைக்குச் சத்துச் சமநிலை குலையும். பச்சை மீனும் வேண்டாம்; சில மீன்களில் இருக்கும் ஒரு நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும், வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும்.

*

மீன் குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகை கொண்டுவரும். துண்டைக் கழுவிப் போட்டாலும் குழம்பு உள்ளே ஊறியிருக்குமே!

*

சில மருத்துவ உணவுகளில் உப்பை வேண்டுமென்றே சற்றுக் கூட்டியிருப்பார்கள், பூனை தண்ணீர் குடிக்கட்டும் என்று. ‘அப்படியானால் கருவாடு?’ என்று கேட்டார் எங்கள் மீன்காரம்மா. நல்ல கேள்விதான். ஆனால் அது மருத்துவர் அளந்து வைத்த உப்பு. இது கைநிறைய அள்ளிப் போட்ட உப்பு. கருவாட்டில் தண்ணீரும் போய்விட்டது, முள்ளின் தாதுக்கள் அப்படியே தங்கிவிட்டன.

*

தெனாலிராமன் வளர்த்த பூனை பாலைக் கண்டாலே ஓடும். சூடான பாலை வைத்து அவன் பழக்கிய லட்சணம் அப்படி. கதையில் அது ஏமாளிப் பூனை. உண்மையில் அதன் வயிறு அவனுக்கு நன்றி சொல்லியிருக்கும்! தாய்ப்பால் மறந்த பிறகு, பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துபோகிறது. ‘தண்ணீர் சேரட்டும்’ என்று பால் ஊற்றினால் வயிற்றுப்போக்கில் இருக்கிற தண்ணீரும் போகும்.

*

குளுக்கோஸ் தண்ணீர் கலந்து வைத்தால் ஆசையாகக் குடிக்குமா? பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் மரபணுக்களில் ஒன்று பூனைக் குடும்பத்தில் செயலிழந்து கிடப்பதை 2005-இல் கண்டுபிடித்தார்கள். புலிக்கும் அதே கதிதான்.

*

ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரால்தான் பூனைக்குக் கல் என்று எங்கள் குடியிருப்பில் ஒரு கட்சி இருக்கிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்தியத் தரநிர்ணயப்படி, வேறு வழியில்லாதபோது குடிநீரில் அனுமதிக்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மி.கி. அது முழுக்கக் கால்சியத்தால் வந்தது என்று வைத்தாலும் லிட்டரில் கால்சியம் 240 மி.கி.தான். பூனை 100 மி.லி. குடித்தால் 24 மி.கி. உலர் உணவில் கால்சியம் ஒரு சதவீதம் என்று வைத்தால், 60 கிராமில் 600 மி.கி. இருபத்தைந்து மடங்கு! கட்சிக்காரர்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

*

பூனை நாக்கைக் கரண்டி மாதிரி குழித்துத் தண்ணீரை அள்ளுவதில்லை. நாக்கு நுனியால் தண்ணீரின் மேற்பரப்பைத் தொட்டுச் சட்டென்று இழுக்கும். ஒட்டிக்கொண்டு மெல்லிய தூணாகத் தண்ணீர் எழும். அது விழுமுன் வாய் மூடிக்கொள்ளும். நொடிக்கு மூன்று, நாலு முறை. எம்.ஐ.டி. விஞ்ஞானி ரோமன் ஸ்டாக்கர் காலை உணவு நேரத்தில் தன் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றிய கேள்வி இது. வேகக் கேமராவில் பிடித்து 2010-இல் சகாக்களோடு கட்டுரையாக்கினார். ஒவ்வொரு நக்கிலும் வாய்க்குள் போவது சொட்டளவுதான். டம்ளரை நிரப்ப எத்தனை நக்கு!

*

தண்ணீர் நீரூற்று மாதிரி கொப்பளிக்கும் மின்சாரக் கிண்ணம் ஆயிரக்கணக்கில் விற்கிறது. சில பூனைகள் அதில் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கின்றன. ஆனால் சோதித்துப் பார்த்த இடத்தில் சிறுநீர் சொல்லிக்கொள்ளும்படி நீர்க்கவில்லை. வாங்கியவர்கள் வருத்தப்பட வேண்டாம், நானும் வாங்கினேன். பட்டாணி அதன்மேல் படுத்துக்கொள்கிறான்.

*

உலர் உணவுக்குப் பழகின பூனை ஈர உணவை முதலில் கொலைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கும். ‘பசித்தால் தானே தின்னும்’ என்று பட்டினி போடும் வீம்பு வேண்டவே வேண்டாம். பூனை, அதுவும் குண்டுப் பூனை, சில நாள் தின்னாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே உலை வைக்கும். பழைய உணவில் ஒரு தேக்கரண்டி புதியது என்று ஆரம்பித்துப் பத்து நாள், தேவைப்பட்டால் ஒரு மாதம்கூட ஆகட்டும். உலர் உணவிலேயே வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்தும் கொடுக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், புளித்துப்போகும்.

*

பூனைக்கு எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. கட்டி பிடிக்கும் மணல் போட்டால் போதும். முன்பெல்லாம் பட்டாணியின் தட்டில் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ கட்டி, கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். இன்று காலை சல்லடைக் கரண்டியால் அள்ளினேன்: மூன்று கட்டி, ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. மணல் செலவு இரண்டு மடங்காகிவிட்டது என்று வீட்டில் முணுமுணுப்பு.